‘பேஸ்தானே, தம்பியை நிறுத்து’

ஜொகூர் பாருவில் கல்யாணத்துக்கும் பொங்கல் கலைநிகழ்ச்சிக்கும் வாசிக்கிற இசைக்குழுக்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. லீட் கிட்டாருக்கு ஆள் தேடுவார்கள். டிரம்சுக்கு ஆள் தேடுவார்கள். பாடகருக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைப்பார்கள். பேஸ் கிட்டார் மட்டும் கடைசி வாரத்தில்தான் யாருக்காவது ஞாபகம் வரும். “பேஸ்தானே, நாலு கம்பிதானே, தம்பியை நிறுத்து” என்பார் குழுத்தலைவர். தம்பியும் வந்து நிற்பான். கிட்டார் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டவனாக இருப்பான், இல்லையென்றால் வேன் ஓட்டுகிறவரின் மச்சானாக இருப்பான். தம்பியும் கிடைக்காவிட்டால் கீபோர்டுக்காரரின் இடது கை இருக்கவே இருக்கிறது. அதற்கும் வழியில்லையா, மைனஸ் ஒன்னைப் போட்டுவிட்டுப் பாட வேண்டியதுதான்.

எனக்குப் பகலில் பாசிர் கூடாங் பக்கம் கிடங்கில் வேலை. வார இறுதியில் மண்டபங்களில் பேஸ் வாசிக்கிறேன். நடுவில் கிடைக்கிற மாலைகளில் மாசாய், ஸ்கூடாய், கூலாய்ப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆகவே நான் யார் கட்சி என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் என் சண்டை குழுத்தலைவர்களோடு மட்டும் அல்ல, பேஸ் கற்கிற பிள்ளைகளோடும்தான். இன்றைய பிள்ளைகளுக்கு விரல் வேகம் தாராளமாக இருக்கிறது. கைபேசியைப் பார்த்தே கட்டைவிரலால் ஸ்லாப் அடிக்கிறார்கள், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே ஏறி விளையாடுகிறார்கள். ஒரு ஸ்வரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். கம்பியை அழுத்த எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், விடச் சொல்லித் தருவார் இல்லை. பேஸ் வாசிப்பின் நுட்பத்தில் முக்கால்வாசி அந்த விடுவதில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

காரணம் பௌதிகம். பேஸின் ஆகத் தடித்த ஈ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் அது நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். நம் கல்யாண மண்டபங்களை நினைத்துப் பாருங்கள்: சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, துணியோ கம்பளமோ பேருக்குக்கூடக் கிடையாது. அவ்வளவு நீண்ட அலை அங்கே மோதித் திரும்பினால் சட்டென்று அடங்காது. டிரம்மர் அடுத்த அடிக்குப் போன பிறகும் முந்தைய ஸ்வரம் கூரைக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் தலைமேல் அடுத்த ஸ்வரத்தை வைத்தால் இரண்டும் கலந்து உறுமும். விருந்து மேசையில் இருப்பவர்களுக்குப் பாட்டு கேட்காது, நெஞ்சுக்கூடு அதிர்வதுதான் தெரியும். சவுண்ட் சிஸ்டக்காரர் பேஸைக் குறைப்பார். பேஸ்காரன் தன் ஆம்ப்ளிஃபையரில் கூட்டுவான். அவர் மறுபடி குறைப்பார். இப்படியே தாலி கட்டி முடிந்து கேக்கும் வெட்டியாகிவிடும். ஸ்வரத்தை வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டியிருந்தால் இருவருமே அந்தக் குமிழ்களைத் தொட்டிருக்க வேண்டாம்.

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. மிருதங்கம் கற்க உட்காருகிற பிள்ளைக்கு முதல் பாடம் த, தி, தொம், நம். தொப்பியில் கையை அடித்து அப்படியே வைத்தால் த. அடித்ததும் கையை எடுத்துவிட்டால் தொம். தோல் ஒன்று, கை ஒன்று, மூடுவதும் திறப்பதும்தான் பாடம். பேஸ்காரன் மேடையில் அந்தத் தொப்பி. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லித் தருகிற விஷயத்தைப் பத்தொன்பது வயதுப் பேஸ்காரனுக்கு யாரும் சொல்வதில்லை. மூவார் பக்கம் மலாய்க்காரர்கள் வாசிக்கிற கஸலைக் கேட்டிருப்பீர்கள். ஹார்மோனியம், தபேலா, கம்புஸ், வயலின், கிட்டார் என்று அமர்ந்து வாசிக்கிற ஜொகூரின் சொந்தச் சொத்து அது. அங்கே கீழ்க்குரலைத் தபேலாவின் இடது பக்கமே பார்த்துக்கொள்கிறது. வாசிக்கிற பெரியவர் மணிக்கட்டை அழுத்துகிறார், தளர்த்துகிறார், ஒலியை உள்ளங்கையால் மூடுகிறார். பேஸ் கற்கிற பிள்ளை ஒரு மாலை அங்கே போய் அந்த மணிக்கட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும், எந்த யூடியூப் பாடத்துக்கும் அது குறைந்ததல்ல.

பேஸ் கிட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்கும் இது தெரிந்திருந்தது. 1951-ல் கலிபோர்னியாவில் அவர் கம்பெனி பிரிசிஷன் பேஸை வெளியிட்டது. அந்தக் காலத்துப் பிரிசிஷன் பேஸ்களில் பிரிட்ஜுக்கு மேல் ஓர் உலோக மூடி இருக்கும். மூடிக்குள்ளே கம்பிகளைத் தொட்டபடி ஒரு துண்டு ஸ்பாஞ்ச். ஸ்வரம் நீண்டு வழியாமல் இருக்கத்தான் அது. பின்னால் வந்தவர்கள் கைக்கு இடைஞ்சல் என்று மூடியைக் கழற்றிப் போட்டார்கள், ஸ்பாஞ்சும் அதோடு போயிற்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் மட்டும் மூடியையும் ஸ்பாஞ்சையும் விடவில்லை. வலது கையில் அவர் வேலை வாங்கியது ஆள்காட்டி விரல் ஒன்றிடம்தான். கம்பியை அது அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். மார்வின் கே 1971-ல் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டில் அந்த ஒற்றை விரல் செய்கிற வேலையைக் கேளுங்கள். இரண்டு விரலா, மூன்று விரலா, பிக் வைத்து வாசிக்கலாமா என்று வகுப்பில் பட்டிமன்றம் நடத்துகிறவர்களை நான் முதலில் அந்தப் பாட்டுக்குத்தான் அனுப்புகிறேன். ஸ்பாஞ்ச் விஷயத்தில் என் சிபாரிசு இன்னும் மலிவானது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் புதிதாக ஒன்று வாங்கி, விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜ் ஓரமாகக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். மண்டபத்தின் இரைச்சல் பாதி அங்கேயே அடங்கும்.

நம் பக்கம் வருவோம். 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுக்கிறவர், பேஸையும் சேர்த்துத்தான். அந்தக் காலத்துப் பாட்டுகளில் அவருக்குப் பேஸ் வாசித்தவர் சசிதரன். 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யின் ‘இளைய நிலா’வை வாசித்துக் காட்டாத கிட்டார்ப் பையன் ஜொகூரில் கிடையாது. அந்தக் கிட்டாரை வாசித்த சந்திரசேகரின் விரல்களுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அதே பாட்டின் அடியில் ஓடுகிற பேஸை வாயால் பாடிக் காட்டச் சொல்லுங்கள், பையன் கூரையைப் பார்ப்பான். ‘மௌன ராக’த்தின் ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ 1986-ல் வந்தது. எஸ்.பி.பி. நிதானமாகப் பாடிக்கொண்டு போகிறார். பேஸ் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகாமல் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. கொஞ்சம் பேசுகிறது, விட்டுவிடுகிறது, அவர் மூச்சு எடுக்கும்போது திரும்ப வருகிறது. 2007-ல் இந்திப் படமான ‘சீனி கம்’முக்கு அந்த மெட்டே போனது என்றால் அதன் கட்டுமானம் எவ்வளவு உறுதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு ஸ்லாப் பாடம் கிடையாது, இந்தப் பாட்டுத்தான் பாடம். முனகுகிறார்கள். முனகட்டும்.

மோட்டவுன் இசைத்தட்டுகளில் வெகுகாலம் வாத்தியக்காரர்கள் பெயர் போடவில்லை. நம் கேசட் அட்டைகளும் அப்படித்தான்: படத்தின் பெயர், பாடகர் பெயர், இசை இன்னார். பேஸ் வாசித்தது யார் என்று தோட்டத்து லயத்தில் கேசட் கேட்டு வளர்ந்த எங்களுக்குத் தெரியவே தெரியாது. கேட்க மட்டும் கேட்டோம், அதுவும் எதில்? உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த ரேடியோவில். அந்த ஸ்பீக்கரால் 41 அதிர்வைக் கொண்டுவர முடியாது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளை அரைகுறையாகக் கொண்டுவரும், அடியில் இருப்பதைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். காது கெட்டிக்காரப் பிராணி. கைபேசி ஸ்பீக்கர் இன்னும் சின்னது. அதில் கேட்டுப் பேஸ் கற்கிற பிள்ளைக்கு விரல் கம்பியில் படுகிற ‘டக்’ சத்தம் நன்றாகக் கேட்கும். ஸ்வரத்தின் வயிறு கேட்காது, அது எங்கே முடிகிறது என்பது சுத்தமாகக் கேட்காது. கேட்காததை அவன் எப்படி வாசிப்பான்? ஸ்லாப் மோகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். சின்ன ஸ்பீக்கரில் எடுபடுவது அந்தத் தட்டல் சத்தம் ஒன்றுதான். பெடல் வாங்கச் சேர்க்கிற காசில் முதலில் காதை மூடுகிற மாதிரி நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள்.

மாசாயிலிருந்து ஒரு பையன் வருகிறான். பாலிடெக்னிக் மாணவன், கை நல்ல கை. முதல் நாள் பையைத் திறந்ததும் பட்டாசு கொளுத்தின மாதிரி ஒன்று வாசித்தான். முடிக்கும்வரை கேட்டேன்.

“நல்லா இருக்குப்பா. இப்ப ஏ கம்பியில மூணாவது ஃபிரெட். ஒரே ஸ்வரம். மெட்ரோநோம் அறுபது. அடிக்கு ஒண்ணு.”

“அவ்ளோதானா மாஸ்டர்?”

“அவ்ளோதான்.”

வாசித்தான். அதைக் கைபேசியில் பதிவு செய்து, ஹெட்போனை அவன் காதில் மாட்டிவிட்டேன். ஒரு அடி தடிமனாகவும் அடுத்த அடி சன்னமாகவும் மாறி மாறி வந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரே ஆழத்துக்குக் கம்பிக்குள் போகவில்லை. நடுவிரல் நீளம், அது தன் போக்கில் பலமாக இழுத்துக்கொண்டிருந்தது. இதை வேகமாக வாசிக்கும்போது யாரும் கண்டுபிடிக்க முடியாது, வாசிக்கிறவனுக்கே தெரியாது. அறுபதில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

“மாஸ்டர், இது நானா?”

“வேற யாரு இருக்கா இங்க?”

அன்று முழுக்க அந்த ஒரே ஸ்வரம்தான். முதலில் அடுத்த அடி வரும்வரை நீட்டுவது. பிறகு பாதி அடியில் நிறுத்துவது. பிறகு கால் அடியில். நிறுத்துவதற்கு இரண்டு வழி உண்டு. இடது விரலின் அழுத்தத்தை விடலாம், ஆனால் விரல் கம்பியை விட்டு எழும்பக் கூடாது, கம்பி மேலேயே படுத்திருக்க வேண்டும். எழும்பினால் வெறுங்கம்பி ‘கொய்ங்’ என்று கத்திக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று வலது கை: அடுத்து மீட்டப்போகிற விரலை முன்கூட்டியே கம்பியில் வைத்துவிடுவது. ஒன்றில் ஸ்வரம் மெத்தென்று அடங்கும், மற்றதில் வெட்டுப்பட்டு நிற்கும். பாட்டுக்குத் தக்கபடி எது வேண்டும் என்று காதுதான் சொல்ல வேண்டும். பையன் கட்டைவிரலை பிக்கப் மேல் ஆணியடித்த மாதிரி ஊன்றி வைத்திருந்தான். மெலிந்த கம்பிகளுக்குப் போகும்போது அந்தக் கட்டைவிரலும் கூடவே இறங்கி வந்து தடித்த கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருந்தால் அவை சும்மா கிடக்கும். தொடாவிட்டால் மீட்டாமலே முனகும். ஆம்ப்ளிஃபையர் அந்த முனகலையும் பெரிதாக்கித்தான் மண்டபத்துக்கு அனுப்பும்.

இரண்டாவது வாரமும் வந்தான். அதுவே ஆச்சரியம். இப்போது அவன் ‘மன்றம் வந்த’ முதல் சரணத்தில் இருக்கிறான்.

இடது கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகள் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண பேஸில் கம்பியின் மீட்டும் நீளம் 34 அங்குலம். முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது ஃபிரெட் வரை கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர். ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்கிற கிட்டார் விதியை அங்கே அப்படியே கொண்டுபோனால் நம் சராசரிக் கைக்கு வலிதான் மிச்சம். பெரிய டபுள் பேஸ்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் சிமாண்டல் எழுதிய பாடப்புத்தகத்தில் கழுத்தின் அடிப்பகுதிக்கு ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றுதான். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூட நிற்கும், அவ்வளவே. ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலே போனதும் நாலு விரலையும் தாராளமாக விரிக்கலாம். விரல் நுனி ஃபிரெட் கம்பியை ஒட்டி விழுந்தால் பாதி பலம் போதும். நடுவில் விழுந்தால் இரண்டு மடங்கு அழுத்த வேண்டிவரும், ஸ்வரமும் கரகரக்கும். வாரை முட்டி வரை இறக்கித் தொங்கவிடுவது போட்டோவுக்கு அழகுதான். ஆனால் அப்படித் தொங்கினால் இடது மணிக்கட்டு மடங்கும், மடங்கிய மணிக்கட்டில் நரம்பு நசுங்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்துக்கு நின்றாலும் வார் இருக்கட்டும்.

ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. இவர்களில் பலர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், நெரிசலில் நிற்கிற நேரம்தான் கணக்கு. ஒய்15 மாதிரி கிளட்ச் வைத்த வண்டி என்றால் அந்த நெரிசல் முழுக்க இடது கை கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும். வலது மணிக்கட்டு ஆக்சிலரேட்டரில் முறுக்கிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் வேலை, திரும்பவும் அதே நெரிசல், வீட்டுக்கு வந்து குளித்ததும் பேஸை எடுத்து எடுத்த எடுப்பில் வேக வேகமாக ஒரு மணி நேரம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவது, ராத்திரி கை குறுகுறுத்து எழுப்பிவிடுவது, காலையில் விரல் மடங்க மறுப்பது இதெல்லாம் ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ ரகம் அல்ல. அப்படி வந்தால் பேஸைக் கீழே வைத்துவிட்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். வலியோடு வாசித்தால் திறமை வளரும் என்று எந்த வாத்தியார் சொன்னாலும் நம்பாதீர்கள். பழைய கப்சாய் வைத்திருப்பவர்களுக்குக் கைக்கிளட்ச் இல்லாத புண்ணியம். பேஸ்காரனுக்கு ஏற்ற வண்டி அதுதான் என்று நான் விளையாட்டுக்குச் சொல்வதுண்டு, கொஞ்சம் மெய்யாகவும்.

அடுத்தது காலப்பிரமாணம். உறுமி மேளம் கேட்டு வளர்கிற நம் பிள்ளைகளுக்குத் தாளம் ரத்தத்தில் இருக்கிறது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். இருக்கட்டும். ஆனால் மேடை ஏறியதும் பாட்டு ஓடுகிறதே, அது யார் ரத்தம்? பல்லவியில் ஆரம்பித்த நடை இரண்டாவது சரணத்தில் பாடகரை மூச்சு வாங்க வைக்கிறது. டிரம்மரைத் திட்டுவார்கள். அவனோடு சேர்ந்து ஓடியது பேஸும்தான். இதற்கு நான் வைத்திருக்கிற மருந்து, மெட்ரோநோமை நாலு அடிக்கும் ஒலிக்க விடாமல் இரண்டாவது, நாலாவது அடிக்கு மட்டும் ஒலிக்க விடுவது. முதல் அடியை நாமே வைக்க வேண்டும். அது கைவந்ததும் நாலு அடிக்கு ஒரே ஒரு ஒலி. நடுவில் உள்ள வெற்றிடத்தை வாயால் ‘தகதிமி’ சொல்லி நிரப்பலாம். கண்ட நடையில் வருகிற பாட்டென்றால் ‘தகதகிட’. வாய் சொல்வதை விரல் கேட்கும், விரல் சொல்வதை வாய் கேட்காது. மும்பையின் பேஸ் கலைஞர் மோகினி டேயைப் பார்த்து வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள், அவர் பேஸ் வாசிக்கிற தகப்பனாரிடம் குழந்தையிலிருந்தே உட்கார்ந்து கற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானுக்குப் பல்லாண்டு காலம் பேஸ் வாசித்த நம் சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸைப் பார்த்து யாரும் அப்படி வாய் பிளப்பதில்லை. அவர் பாட்டைத் தாங்குகிறார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’தான் எனக்கு வேண்டும்.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். நம் ஊர் ஈரத்துக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், கழுத்து மரம் வளையும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் கொடுத்துக் கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிபார்ப்பது. கம்பி உயரமாக நிற்கிற பேஸில் எந்த நுட்பமும் வராது, கைவலிதான் வரும். விலை குறைந்த பேஸ் என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியாகச் செட்டப் செய்த மலிவான பேஸ் போதும்.

பெற்றோர் பலர் பரீட்சை பற்றிக் கேட்கிறார்கள். ராக்ஸ்கூல், டிரினிட்டி இரண்டும் பேஸ் கிட்டாருக்குக் கிரேடு பரீட்சை வைத்திருக்கின்றன, மலேசியாவிலும் எழுதலாம். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. நோட்ஸ் படிக்கக் கற்பான், ஒரு தேதிக்குள் ஒன்றை முடிக்கக் கற்பான். ஆனால் கிரேடு ஐந்து சான்றிதழைச் சுவரில் மாட்டியவன் ‘மன்றம் வந்த’ பாட்டுக்கு என்ன வாசிப்பது என்று தெரியாமல் மேடையில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கு மூன்று பாட்டு என்றால், நாலாவதாக ஒரு தமிழ்ப் பாட்டைக் காதால் கேட்டுப் பேஸ் எடுத்து எழுதச் சொல்லுங்கள். வாத்தியார் மறுத்தால் வாத்தியாரை மாற்றுங்கள்.

குழுத்தலைவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சம்பளமும் ஒத்திகையும். பல குழுக்களில் லீட் கிட்டாருக்கு ஒரு கூலி, பேஸுக்கு அதில் ஒரு பங்கு. ‘வேலை கம்மிதானே’ என்பது காரணம். வேலை கம்மியில்லை, கைத்தட்டல்தான் கம்மி. இரண்டுக்கும் ஒரே கூலி கொடுத்துப் பாருங்கள், பாதியில் கிட்டாரை விட்டவனுக்குப் பதிலாக நன்றாக வாசிக்கிறவனே பேஸுக்கு வருவான். ஒத்திகைக்கும் இப்போது சாக்கு இல்லை. 2014-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. சிங்கப்பூரில் வேலை செய்கிறவனுக்கு ஞாயிறு விடுமுறை என்றால் இங்கே அரசாங்க வேலையிலும் பள்ளியிலும் இருப்பவனுக்கு அன்று வேலை. ஒரு குழுவை ஒரே நாளில் கூட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிரம்மரையும் பேஸ்காரனையும் மட்டும் கூப்பிடுங்கள். பாட்டு வேண்டாம், கீபோர்டு வேண்டாம். கிக் டிரம் அடி விழும்போது பேஸ் தொடங்குகிறதா, ஸ்நேர் விழும்போது பேஸ் நிற்கிறதா என்று ஒரு மணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளட்டும். பாடகருக்குப் பத்து மணி என்று சொல்லியிருப்பீர்கள், அவர் எப்படியும் பதினொன்றுக்குத்தான் வருவார்.